இடம் இருக்கோ?

அந்த வீட்டை இடிக்கச் சொல்லி நான் சண்டை பிடிக்காத ஆள் கிடையாது. எங்கள் கட்டடத்தைப் பராமரிக்கிற சுப்பிரின்ரெண்டனோடு பிடித்தேன். நகரசபைக்கு ரெலிபோன் எடுத்து, தெரிந்த அவ்வளவு ஆங்கிலத்தையும் கொட்டிப் பிடித்தேன். ஒருமுறை வோட்டுக் கேட்டு வந்த வெள்ளைக்காரர் ஒருவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய் அதன் முன்னால் நிறுத்தி, உன் பிள்ளைகள் இருக்கிற தெருவில் இப்படி ஒன்று நின்றால் விடுவாயா என்று கேட்டேன். அவர் சிரித்து, ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையில் தந்துவிட்டுப் போனார். அதில் அவருடைய முகம்தான் பெரிதாக இருந்தது.

ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணின் மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால், ஒரு சின்னத் தெருவின் முடிவில் நின்றது அந்த வீடு. சிவப்புச் செங்கல், மூன்று மாடி. ஒரு காலத்தில் யாரோ வசதியானவர்கள் வாழ்ந்திருக்க வேண்டும். நான் கண்ட நாளிலிருந்து யன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்துத்தான் கிடந்தது. கூரையில் ஓட்டை, ஓட்டைக்குள்ளால் ஒரு மரம் எட்டிப் பார்த்தது. பக்கச் சுவரில் புகைபோக்கி வெறிகாரன் மாதிரிச் சாய்ந்து நின்றது. மழை பெய்தால், கழுவாமல் மூடி வைத்த மீன்பெட்டியின் நாற்றம் வரும். போதை ஊசி போடுகிறவர்கள் உள்ளே போவார்கள், ரக்கூன்கள் வெளியே வரும். வாங்கிப் போட்ட கொம்பனிக்காரர், அது தானாக விழட்டும் என்று காத்திருந்தார்கள் என்பதுதான் என் எண்ணம். நாங்கள் அதை உளுத்த வீடு என்போம்.

எங்கள் வீடு ஒன்பதாம் மாடியில். பல்கனியில் நின்றால் உளுத்த வீட்டின் கூரை நேரே கீழே தெரியும். என் மகள் அனோஜாவுக்கு அப்போது ஐந்து வயது. அவள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து, அந்தப் பக்கம் போனால் காலை முறிப்பேன் என்று சொல்லித்தான் வளர்த்தேன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதம் என் கணவர் றிச்சர்ட்டின் தங்கை கிளடிஸ் எங்களிடம் வந்து சேர்ந்தாள். நான் யாழ்ப்பாணத்துப் பாஷையூரை விட்டு வந்தது எண்பத்தைந்தில். அப்போது கடலில் நேவிக்காரன் சுடுவான், தெருவில் ஆமிக்காரன் சுடுவான்; விமானம் குண்டு போட்டு நான் பார்த்ததில்லை. கிளடிஸ் அதற்குப் பிறகு வந்த எல்லாவற்றுக்குள்ளும் இருந்தவள். கடைசியில் ஊரே எழும்பிப் போனபோது தானும் ஒரு பையோடு நடந்து, சாவகச்சேரி, கிளிநொச்சி, கொழும்பு என்று அலைந்து வந்தவள். இருபத்தைந்து வயதிருக்கும். காற்றடித்தால் விழுந்துவிடுவாள் போல ஓர் உடம்பு.

அவளை எனக்குப் பிடிக்காது என்றில்லை. ஆனால் எரிச்சல் வரும். சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு சுவர் மூலைக்குப் போய்விடுவாள். யன்னல் பக்கம் படுக்க மாட்டாள். லிஃப்ற் இருக்கும்போது படியால் இறங்குவாள்.

"விசரி, ஒன்பது மாடி! கால் முறியப்போகுது உனக்கு" என்பேன்.

"கரண்ட் நிண்டால் பெட்டிக்குள்ள என்ன செய்யிறது மச்சாள்?" என்பாள்.

"இஞ்ச கரண்ட் நிக்காதடி."

"ஓம்" என்பாள். அடுத்த நாளும் படியால்தான் இறங்குவாள். அவளோடு வாய் கொடுத்து நான் வென்றதே இல்லை.

ஆனால் பிள்ளை பார்ப்பதில் ஒரு குறை சொல்ல முடியாது. அனோஜா மாமி மாமி என்று அவளுடைய சட்டைத் தும்பைப் பிடித்துக்கொண்டே திரிவாள். கிளடிஸ் வந்த பிறகு நான் சனிக்கிழமைகளிலும் பேக்கரி வேலைக்குப் போகத் தொடங்கினேன். வந்த கிழமையே பல்கனியில் நிறுத்தி உளுத்த வீட்டைக் காட்டிக் கண்டிப்பாகச் சொன்னேன். கிளடிஸ் எட்டிப் பார்த்தாள்.

"சுவரடியில சரிவாக் கிடக்கிற பலகைக் கதவு என்ன மச்சாள்?"

"அது நிலவறைக் கதவு. அந்தக் காலத்தில நிலக்கரி கொட்டுறதுக்கு வைச்சிருப்பினம்."

"அப்ப வீட்டுக்குக் கீழ அறை இருக்கோ?"

"எலியும் பீயும்தான் இருக்கும். உனக்கு என்னத்துக்கு உந்த ஆராய்ச்சி?"

"சும்மாதான் கேட்டனான்" என்று உள்ளே போய்விட்டாள்.

அந்த வருடமும் ஓகஸ்ட் முடிந்து செப்டெம்பர் தொடங்கும் நீண்ட வார இறுதி வந்தது. ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். ஏரிக்கரையில் எயார் ஷோ. சண்டை விமானங்கள் பிற்பகல் முழுவதும் நகரத்துக்கு மேலே குட்டிக்கரணம் அடிக்கும். றிச்சர்ட்டுக்கு அதில் ஒரு பைத்தியம். மடக்குக் கதிரை, கமரா, ஒரு பெட்டி குளிர்ந்த பியர், நாலு கூட்டாளிகள் என்று காலையிலேயே ஏரிக்கரைக்குப் போய்விட்டார். கூடப்பிறந்த தங்கைக்கு ஒரு சொல் சொல்லிவிட்டுப் போக அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. நானும் சொல்லவில்லைத்தான். எனக்கு அது தலைக்கு மேல் பறக்கிற இலையான் ஈ, வேறொன்றுமில்லை.

வேலை முடிந்து பாலிமென்ற் தெருவால் நடந்து வந்துகொண்டிருந்தேன். முதல் விமானம் கட்டடங்களுக்கு மேலால் கிழித்துக்கொண்டு போனது. கடைக் கண்ணாடிகள் அதிர்ந்தன. தெருவில் நின்றவர்கள் கண்ணுக்கு மேலே கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவன் விசிலும் அடித்தான். கிளடிஸின் நினைப்பு எனக்கு அப்போதும் வரவில்லை. மீன் வாங்குவதா கோழி வாங்குவதா என்றுதான் யோசித்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

உள்ளே சோறு அடிப்பிடித்துக் கரியாகிப் புகைந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சியில் கார்ட்டூன் ஓடியது. அனோஜாவின் கோப்பை நிலத்தில் கவிழ்ந்து கிடந்தது. "கிளடிஸ்! அனோஜா!" என்று கத்திக்கொண்டு அறை அறையாக ஓடினேன். குளியலறை, அலுமாரி, கட்டிலுக்குக் கீழ், எங்கும் இல்லை. பல்கனிக் கதவு பூட்டியிருந்தது. அதைத் திறந்து கீழே எட்டிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டு திறந்தேன். கீழே புல்லும் கார்களும்தான் தெரிந்தன. அப்படியே குந்திவிட்டேன்.

பிறகு எழும்பி ஓடி, எதிர்வீட்டு யோகமலர் அக்காவின் கதவைத் தட்டினேன். தட்டினேன் என்ன, உடைத்தேன். நெடுநேரம் கழித்துத் திறந்தார். இரண்டு காதிலும் பஞ்சு. பின்னால் குளியலறைக்குள் ரேடியோ அலறியது. யோகமலர் அக்கா கொக்குவில் மனிசி. வந்து நாலு வருடம். ஒவ்வொரு எயார் ஷோவுக்கும் அவர் இப்படித்தான் குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார் என்பது எனக்கு அன்றுதான் தெரிய வந்தது.

"அக்கா, பிள்ளையைக் காணேல்லை! கிளடிஸையும் காணேல்லை! கதவைத் திறந்து போட்டிட்டு எங்கயோ போட்டாள்!"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு முகட்டைப் பார்த்தார். இன்னொரு விமானம் போய்க்கொண்டிருந்தது.

"உவளுக்கு இண்டைக்கு உது இருக்கு எண்டு சொன்னனீங்களோ?"

"இல்லையக்கா."

"அப்ப குண்டு போடுற பொம்மர் எண்டு நினைச்சு ஓடியிருக்கிறாள், பிள்ளை. மாடியில நிக்கமாட்டாள். கீழதான் போயிருப்பாள். நிலத்துக்குக் கீழ."

நிலத்துக்குக் கீழே என்றதும் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினோம். அதன் பூட்டுக்குத் திறப்பு வேண்டும்; கிளடிஸிடம் இல்லை. உடுப்புத் தோய்க்கிற அறையில் ஒரு சீனக் கிழவர் துவாய் மடித்துக்கொண்டிருந்தார். அவர் யாரையும் காணவில்லை. படிக்கட்டு முழுக்கக் கத்திக்கொண்டே இறங்கினோம். வெளியே வந்து நின்று மூச்சு வாங்கியபோதுதான், சுவரடியில் சரிவாகக் கிடக்கிற பலகைக் கதவைப் பற்றிக் கிளடிஸ் கேட்டது எனக்கு நினைவு வந்தது. உடனே அந்தப் பக்கம் ஓடினோம்.

உளுத்த வீட்டின் சரிவுக் கதவில் ஆணி அடித்தபடியே இருந்தது. ஆனால் பின்பக்கக் குசினி வாசலில் ஒரு பலகையை யாரோ புதிதாகப் பிடுங்கியிருந்தார்கள். பக்கத்தில் புல்லுக்குள் அனோஜாவின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. மஞ்சள் பூ வைத்த செருப்பு. அதை எடுத்து நெஞ்சோடு அமத்திக்கொண்டு வாசலுக்குள் தலையை விட்டேன். இருட்டு. குசினித் தரை நடுவில் கிண்ணம் மாதிரித் தாழ்ந்திருந்தது. அங்கால், நிலவறைக்கு இறங்குகிற படி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு ஓட்டை மட்டும் தெரிந்தது. அதன் ஓரத்தில் மரம் புதிதாக முறிந்த வெள்ளை தெரிந்தது.

ஒரு காலை உள்ளே வைத்தேன். தரை முழுவதும் முனகியது. யோகமலர் அக்கா என் சேலையை, இல்லை, அன்றைக்கு நான் போட்டிருந்தது பேக்கரிச் சட்டை, அதைப் பின்னால் பிடித்து இழுத்து விழுத்தினார். "நீ போனால் உன்னோட சேர்த்து எல்லாம் அதுகளுக்கு மேலதான் விழும்!" என்று கத்தினார். எனக்கும் அது விளங்கியது. விளங்கியும் அவரை அடிக்கக் கை ஓங்கினேன்.

யாரோ ரெலிபோன் எடுத்துத் தீயணைப்புப் படை வந்தது. கப்டன் நரை மீசைக்காரர், நிதானமான மனிதர். அந்த நிதானம்தான் எனக்கு விசர் ஏற்றியது. அவருடைய ஆட்கள் வாசலில் படுத்துக்கொண்டு பெரிய லைற்றை உள்ளே அடித்தார்கள். ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். யாராவது உள்ளே இருக்கிறீர்களா, குரல் கொடுங்கள், நாங்கள் உதவிக்கு வந்திருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எல்லாரும் மூச்சை அடக்கிக் காத்திருந்தோம். ஒரு சத்தமும் இல்லை.

"கிளடிஸ்! வெளியால வாடி! அனோஜா! அம்மா வந்திருக்கிறன், வா குஞ்சு!" என்று நான் கத்தினேன். அதற்கும் சத்தம் இல்லை.

கப்டன் என் பக்கம் வந்தார். பிள்ளையாக இருந்தால் அம்மாவின் குரலுக்குப் பதில் தந்திருக்கும் என்றார். செருப்பு முந்தியே விழுந்திருக்கலாம், போலிசார் பூங்காவிலும் கடைகளிலும் தேடுகிறார்கள் என்றார். தரை எந்த நேரமும் இறங்கும். சரிவுக் கதவை வெட்டலாம், ஆனால் அதற்கு நேர் மேலே புகைபோக்கி நிற்கிறது. ஆள் இருக்கிறார்கள் என்று தெரியாமல் என் பெடியளை அதற்குக் கீழே அனுப்ப முடியாது, முட்டுக் கொடுக்கிற குழு வரும்வரை பொறுங்கள் என்றார்.

"பொறுக்கிறதோ? உன்ர பிள்ளை உள்ளுக்க கிடந்தால் பொறுப்பியோ?" என்று தமிழிலேயே கேட்டேன். அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து இரண்டு விமானங்கள் சோடியாக வந்தன. மாடிக் கட்டடங்களுக்கு இடையில் அந்தச் சத்தம் அடைபட்டு, அப்படியே எங்கள் மேல் கொட்டியது. புகைபோக்கியிலிருந்து செங்கல்கள் கழன்று சரிவுக் கதவில் விழுந்து சிதறின. உள்ளே எங்கோ ஒரு மரம் படீரென்று முறிந்தது. எல்லாரும் பின்னால் பாய்ந்தார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்று அலறினேன்.

யோகமலர் அக்கா காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். என்னைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"பிள்ளை, கேள். வெளியால வா எண்டு கூப்பிட்டால் அவள் வரமாட்டாள். செத்தாலும் வரமாட்டாள். முதல் சுத்து பார்க்கிறதுக்கு, அடுத்த சுத்திலதான் குண்டு போடுவான். இடையில எழும்பி வெளிக்கிட்ட சனம்தான் செத்தது. இவங்கள் வேற சப்பாத்துக் காலோட நிண்டு தெரியாத பாஷையில கத்திறாங்கள். ஆமி எண்டு நினைச்சு, பிள்ளையின்ர வாயைப் பொத்திக்கொண்டு இருப்பாள்."

"அப்ப நான் என்ன செய்ய அக்கா? சொல்லுங்கோவன், என்ன செய்ய!"

"இடம் கேள்."

"என்ன?"

"தெருவில போறவையள், பொம்மர் வந்தால் ஆற்றையேன் வீட்டுப் பங்கர்க் கிடங்குக்குத்தான் ஓடுவினம். வாசல்ல நிண்டு, இடம் இருக்கோ எண்டு கேப்பினம். ஆரெண்டாலும் சரி, உள்ளுக்க இருக்கிற ஆள் பதில் சொல்லாமல் விடாது. நெருக்குப்பட்டெண்டாலும் கூப்பிட்டு எடுக்கும். நீ வெளியால தனிய அம்பிட்டுப்போய் நிக்கிறாய் எண்டு சொல்லு. இடம் கேள்."

நான் குசினி வாசலில் குப்புற விழுந்து படுத்தேன். கப்டன் ஏதோ சொன்னார். அவரைப் பார்த்து யோகமலர் அக்கா வாயில் விரலை வைத்து உஸ் என்றார். அழுதுகொண்டே கூப்பிட்டேன்.

"கிளடிஸ்! நான் மச்சாள். வேலையால வந்தனான், வெளியால அம்பிட்டுப்போனன். பிளேன் சுத்துது. எனக்கு ஓட இடமில்லை. கிளடிஸ், இடம் இருக்கோ?"

ஒன்றுமில்லை. எங்கோ சுண்ணாம்பு சொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கிளடிஸ்! இடம் இருக்கோ?"

"இருக்கு மச்சாள்!" என்று நிலத்துக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "இருக்கு, இருக்கு, வாங்கோ! கெதியா வாங்கோ! நிமிந்து நிக்காதேங்கோ, தவண்டு வாங்கோ!"

எனக்குப் பின்னால் தீயணைப்புக்காரர் எல்லாரும் ஒரே நேரத்தில் அசைந்தது தெரிந்தது.

"பிள்ளை? பிள்ளை எங்க?"

"என்ர கைக்குள்ள இருக்கிறா. ஒண்டும் இல்லை. நீங்கள் முதல்ல உள்ள வாங்கோ! படியால வராதேங்கோ, படி முறிஞ்சு போச்சு!"

கப்டன் இரண்டே ஆட்களைத் தெரிந்தெடுத்துச் சரிவுக் கதவுக்கு அனுப்பினார். மற்ற எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். என் பக்கத்தில் அவரும் குந்தி, பேசிக்கொண்டே இரு, அவர்கள் எந்த மூலையில் இருக்கிறார்கள் என்று கேள், வெட்டுகிற பக்கத்துக்கு வரவேண்டாம் என்று சொல் என்றார். நான் கேட்டேன். சொன்னேன். கிளடிஸ் ஒன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அவளுக்கு ஒரே ஒரு கவலைதான்.

"என்ன மச்சாள் இன்னும் வெளியால நிண்டு கதைச்சுக்கொண்டு நிக்கிறியள்? திரும்பி வரப்போறான். உங்களுக்கு ஏதும் நடந்தால் பிள்ளைக்கு நான் என்ன சொல்லுறது?"

"நீ எந்தப் பக்கம் இருக்கிறாய், அதைச் சொல்லு முதல்ல!"

"தெருப்பக்கத்து மூலை. கல்லுச் சுவரோட. மேல தடிச்ச மரம் ஒண்டு போகுது. இடம் தாராளமா இருக்கு மச்சாள், உங்களுக்கும் காணும். வாங்கோவன்!"

சரிவுக் கதவில் வாள் இயந்திரம் உறுமத் தொடங்கியது. உள்ளே கிளடிஸ் வீரிட்டுக் கத்தினாள். முதன்முறையாக அனோஜா அழுகிற சத்தமும் கேட்டது. அந்த அழுகையைக் கேட்ட சந்தோசம் எனக்கு அவள் பிறந்த அன்றும் வந்ததில்லை. புகைபோக்கியிலிருந்து மறுபடியும் கல் விழுந்தது. ஒன்று வெட்டிக்கொண்டிருந்தவனின் தொப்பியில் பட்டுத் தெறித்தது. அவன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

கதவு பிளந்தது. அதை வெட்டிய பெரிய மனிதன், தொப்பியில் லைற் எரிய, உள்ளே குனிந்தான். அடுத்த கணம் "ஆ" என்று பின்வாங்கினான். கிளடிஸ் அரைச் செங்கல்லால் அவனுடைய தோளில் போட்டிருந்தாள்.

"எறியாதேடி மடைச்சி!" நான் எழும்பி அந்தப் பக்கம் ஓடிக்கொண்டே கத்தினேன். "அவங்கள் எங்கட பெடியள்! எங்கட பெடியள்தான், பயப்பிடாத! பிள்ளையைக் குடு!"

அந்தச் சிவந்த முகத்தையும் செம்மயிரையும் பார்த்து, ஊரில் இயக்கத்துப் பிள்ளைகளைச் சொல்வது போல எங்கட பெடியள் என்று சொன்னதற்கு இன்றைக்கும் யோகமலர் அக்கா என்னைப் பகிடி பண்ணுவார். ஆனால் கிளடிஸ் நம்பினாள். முதலில் அனோஜாவின் கால்கள் வந்தன, ஒன்றில் செருப்பு, ஒன்று வெறுங்கால். நான் அவளைப் பறித்து எடுத்துக்கொண்டு ஓடினேன். பிறகு கிளடிஸை அக்குளில் பிடித்துத் தூக்கி வெளியே போட்டார்கள். எல்லாரும் தெருவுக்குப் போகுமுன்னரே குசினித் தரை முழுவதும் நிலவறைக்குள் இறங்கியது. உளுத்த வீட்டின் பலகை இடுக்குகளிலிருந்தெல்லாம் தூசி ஊதிக்கொண்டு வந்தது.

அனோஜாவில் ஒரு கீறல்கூட இல்லை. தலை முழுக்கச் சுண்ணாம்பு. "அம்மா, மாமி சொன்னா சத்தம் போடாமல் கொயற்றா இருக்கச் சொல்லி. நான் கொயற்றா இருந்தனான். டிட் ஐ வின்?" என்று கேட்டாள். நான் அவளைக் கொஞ்சிக் கொஞ்சி வாயெல்லாம் சுண்ணாம்பானேன்.

பிறகு எனக்குக் கோபம் வந்தது. வந்ததென்றால் அப்படி வந்தது. பிள்ளையை யோகமலர் அக்காவிடம் கொடுத்துவிட்டு கிளடிஸிடம் போனேன். அவள் தெருவின் மறுபக்கத்துப் புல்லில் நின்றாள். முதுகுப் பக்கம் சட்டை கிழிந்து, தோல் உரிந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மேலே விழுந்ததெல்லாம் அவளுடைய முதுகில்தான் விழுந்திருக்கிறது. அதைக் கண்ணால் கண்டும் என் வாய் அடங்கவில்லை. விசரி, தரித்திரம், என்ர பிள்ளையைக் கொண்டுபோய்ப் புதைக்கப் பார்த்தாயே என்று கேட்க வாயைத் திறந்தேன்.

அவள் முந்திவிட்டாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளைக்கு ஒண்டுமில்லைத்தானே மச்சாள்? நான் மேல கிடந்தனான், அவவில ஒண்டும் படேல்லை. எங்க விழுந்தது?"

"என்ன?"

"குண்டு. எங்க விழுந்தது? எங்கட ஆக்கள் ஆருக்கும் ஏதும் நடந்ததோ? அண்ணா எங்க?"

நான் திறந்த வாயை மூடினேன்.

"ஒண்டும் விழேல்லை கிளடிஸ்."

"சுவரெல்லாம் ஆடினதே."

"அது வீடு உளுத்தது. குண்டு இல்லை. இது எயார் ஷோ எண்டு ஒண்டு. ஒவ்வொரு வருசமும் வைப்பாங்கள். சும்மா பறந்து காட்டிறது."

"ஆருக்குக் காட்டிறது?"

"சனத்துக்கு. சனம் பார்க்கப் போகும்."

"பார்க்கவோ?" என்றாள். நான் பொய் சொல்கிறேனோ என்று என் முகத்தில் தேடினாள். "பொம்மரைப் பார்க்கவோ?"

"ஓம்."

"அண்ணா?"

"அவரும் அங்கதான் போனவர்."

அவள் என் கைகளை விட்டுவிட்டாள். உளுத்த வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். தீயணைப்பு வாகனத்தை, தோளைத் தடவிக்கொண்டு நின்ற அந்தச் செம்மயிர்க்காரனை, சுற்றி நின்று எங்களைப் பார்த்த சனத்தை எல்லாம் பார்த்தாள். ஒரு நிமிடத்தில் அவளுடைய முகம் கிழவியின் முகமாகிவிட்டது.

"அப்ப ஒண்டும் இல்லாத ஒண்டுக்கு, நான் பிள்ளையைக் கொல்லப் பார்த்திருக்கிறன்" என்றாள்.

நான் சொல்ல நினைத்ததைத்தான் அவள் சொன்னாள். அவள் வாயால் கேட்டபோது எனக்கு அது பொறுக்கவில்லை.

அப்போது ஏரிப் பக்கமிருந்து மறுபடியும் அந்த இரைச்சல் கிளம்பியது. இந்தமுறை ஒன்றிரண்டு இல்லை, ஒரு கூட்டம். தெருவில் நின்ற சனம் எங்களை விட்டுவிட்டு அண்ணாந்தது. ஒரு தகப்பன் தன் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக் கையை நீட்டிக் காட்டினான்.

கிளடிஸ் ஓடவில்லை. இரண்டு கையாலும் கிழிந்த சட்டையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மற்றவர்களைப் போலத் தானும் தலையை மேலே தூக்கினாள். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா, அதனால் பார்த்தாள். அவளுடைய முழங்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. பாவாடை நனைந்து, கால் வழியாகச் சிறுநீர் புல்லில் இறங்கியது. அவள் கண்ணை மூடவில்லை.

ஐயோ, எனக்கு நெஞ்சு வெடித்தது.

"படு" என்றேன்.

"விளையாட்டெண்டு சொன்னியளே மச்சாள்."

"விளையாட்டுத்தான். நீ படு. பரவாயில்லை, படு கிளடிஸ்."

அவள் என்னையும் சனத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு இனி நேரமில்லை. அனோஜாவை யோகமலர் அக்காவின் கையிலிருந்து வாங்கி, அவளோடு நானே புல்லில் விழுந்தேன். விழுந்து, கிளடிஸின் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். அவள் மடிந்து எங்கள் பக்கத்தில் வந்தாள்.

"நெஞ்சு நிலத்தில முட்டக்கூடாது மச்சாள்" என்றாள் என் காதுக்குள். "முழங்கையை ஊண்டுங்கோ. வாயைத் திறந்து வைச்சிருங்கோ."

நான் முழங்கையை ஊன்றினேன். வாயைத் திறந்தேன். சனம் பார்த்துக்கொண்டிருந்தது, எங்கள் கட்டடத்துச் சுப்பிரின்ரெண்டனும் நின்றான். வெட்கமாகத்தான் இருந்தது. என்னுடைய ஒரு கை கிளடிஸின் தலைக்கு மேலே இருந்தது. விமானங்கள் போய், சத்தம் முழுதாக அடங்கி, அவளுடைய உடம்பு நடுங்குவதை நிறுத்தும்வரை நான் எழும்பவில்லை.